போலிக்குப் போலி

‘போலி’ என்னும் சொல்லுக்குக் கடைத்தெருவில் ஓர் அர்த்தம். இலக்கணத்தில் வேறோர் அர்த்தம். போலி நெய், போலி நகை, போலிப் பத்திரம் என்றால் ஜனங்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், போலீஸ்காரரைத் தேடுகிறார்கள். இலக்கண ஆசிரியரோ, ‘அறம்’ என்பது ‘அறன்’ என்று வந்தாலும், ‘அரசு’ என்பது ‘அரைசு’ என்று வந்தாலும், ‘இது போலி’ என்று பெயர் மட்டும் சூட்டிவிட்டு நிம்மதியாக அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகிறார். ஓர் எழுத்து இருந்த ஸ்தானத்தில் மற்றோர் எழுத்து வந்து அமர்ந்தது, பொருள் கெடவில்லை, ஆகவே குற்றமும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்திவரும் நாம், உலகத்தில் ஏதாவது ஒரு போலியைப் பற்றிச் சண்டை நடக்கும்போதெல்லாம் முதலில் கேட்டுக் கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ‘இது கடைத்தெருப் போலியா, இலக்கணப் போலியா?’

மேனாட்டுச் சங்கீத உலகில் அப்படிப்பட்ட சண்டை ஒன்று வெகு காலமாக நடந்து வருகிறது. அங்கே சில பழைய மின்சார வாத்தியங்களுக்குத் தெய்வங்களுக்குரிய மரியாதை கிடைக்கிறது. அவற்றில் ஒன்று ஹாம்மண்ட் ஆர்கன். மற்றொன்று மினிமூக் என்னும் சிந்தஸைசர். அசல் வாத்தியங்கள் அருகிவிட்டன. அகப்பட்டாலும் விலை கொடுத்து மாளாது. ஹாம்மண்ட் வாத்தியங்களில் மிகவும் பிரசித்தமான ‘பி-3’ என்பதை மிதிகட்டை, இருக்கை சகிதம் தூக்குவதென்றால் சுமார் 190 கிலோ! வாத்தியம் வாசிக்க ஒருவரும் அதைத் தூக்க நால்வரும் வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்கு இரண்டு பரிகாரங்கள் ஏற்பட்டன. பழைய வாத்தியத்தின் நாதத்தை அப்படியே பாவனை செய்யும் சிறு பெட்டிகளை, கட்டைகளும் திருகுகளும் வைத்துச் சில கம்பெனிகள் விற்கின்றன. வேறு சில கம்பெனிகள் பெட்டியே வேண்டாம் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருளாகவே வாத்தியத்தை விற்கின்றன. பெட்டிக் கட்சிக்காரர் மென்பொருளை ‘உயிரற்ற பொம்மை’ என்கிறார். மென்பொருள் கட்சிக்காரர் பெட்டியை ‘வீண் செலவு’ என்கிறார். அசல் வாத்தியத்தை வைத்திருப்பவரோ இருவரையும் பார்த்து, ‘நீங்கள் இருவருமே போலிகள்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

இந்தக் கடைசிக் கனவானிடமிருந்தே நமது விசாரணையைத் தொடங்குவோம்.

* * *

ஹாம்மண்ட் ஆர்கனைச் செய்தவர் லாரன்ஸ் ஹாம்மண்ட் என்பவர். சிக்காகோ நகரத்தில் மின்சாரக் கடிகாரம் செய்து விற்றவர். அவர் சங்கீத வித்துவான் அல்லர். மின்சார ஓட்டத்தின் துடிப்புக்கு இசைய ஒரே வேகத்தில் சுழலும் மோட்டார்தான் அவர் கைவசம் இருந்த மூலதனம். கடிகார முள்ளைச் சுற்றிய அந்த மோட்டாரைக் கொண்டு ஸ்வரங்களையும் சுற்ற வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1934-ஆம் வருஷம் அவருக்கு அதற்கான உரிமைப் பத்திரம் கிடைத்தது. 1935-இல் வாத்தியம் கடைக்கு வந்தது.

அதன் உள்ளே, உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரும்புச் சக்கரங்கள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. பி-3 வாத்தியத்தில் நாதம் தருபவை 91 சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள் உண்டு. அதன் அருகே ஒரு காந்தக் கோலும் கம்பிச் சுருளும் இருக்கும். மேடு ஒவ்வொன்றும் காந்தத்தைக் கடக்கும்போது கம்பியில் மின்சாரம் ஒருமுறை ஏறி இறங்கும். கணக்கு வாத்தியார்கள் ரஸிக்கக்கூடிய விஷயம் இது: தாய்த் தண்டு விநாடிக்கு 20 சுற்றுச் சுற்றுகிறது. 88-க்கு 64 என்ற பல் கணக்கில் அந்த வேகம் 27½ சுற்றாகிறது. அந்தச் சக்கரத்தில் 16 மேடுகள். பெருக்கிப் பாருங்கள்: 440! மேனாட்டார் சுருதி சேர்ப்பதற்கு ஆதாரமாகக் கொள்ளும் ‘ஏ’ ஸ்வரம் அதுவே. மற்ற ஸ்வரங்களுக்கு இவ்வளவு கச்சிதமான பல் கணக்குக் கிடைக்கவில்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் என்றைக்கும் மாறுவதில்லை. மழையானாலும் வெயிலானாலும் சுருதி விலகாத வாத்தியம் இது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு 60 துடிப்பு; நமது தேசத்தில் 50. அமெரிக்க வாத்தியத்தை வாங்கி வந்து நம் வீட்டு மின்சாரத்தில் அப்படியே ஓட விட்டால், ஸட்ஜத்தை அமுக்கும்போது மந்த்ர ஸ்தாயிச் சதுச்ருதி தைவதத்துக்கும் ஒரு நூலிழை கீழே கேட்கும். வாத்தியத்தின் சுருதியை மின்சார நிலையம் நிர்ணயிக்கிறது என்று சொன்னால் நம் பாகவதர்கள் நம்புவார்களா?

இவ்வளவு பாடும் எதற்காக? குழாய் ஆர்கன் என்னும் பெரிய தேவாலய வாத்தியத்தைப் போலச் செய்வதற்காகத்தான்! ஆயிரக்கணக்கான ஊதுகுழாய்களை மாடி உயரத்துக்கு நிறுத்தி வைக்க வசதியில்லாத சிறு தேவாலயங்களுக்கு, அதற்குப் பதிலாக விற்கப்பட்ட சாமான் இது. அதாவது, இன்று ‘அசல்’ என்று பூஜிக்கப்படும் ஹாம்மண்ட் ஆர்கன் பிறக்கும்போதே போலியாகத்தான் பிறந்தது.

குழாய் ஆர்கன் செய்வோர் சும்மா இருக்கவில்லை. விவகாரம் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனிடம் போயிற்று. 1937-இல் சிக்காகோ ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ராக்பெல்லர் ஆலயத்தில் ஒரு பரீக்ஷை நடந்தது. குழாய் ஆர்கனையும் ஹாம்மண்ட் ஆர்கனையும் மாற்றி மாற்றி வாசித்து, ‘இப்பொழுது கேட்டது எது?’ என்று கேட்டார்கள். சங்கீதம் அறிந்தவர்களும் பலமுறை தவறினார்கள். என்றாலும் 1938-இல் கமிஷன், குழாய் ஆர்கனின் சகல நாதங்களையும் இந்த வாத்தியம் தரும் என்று விளம்பரம் செய்யக் கூடாதென்று கம்பெனிக்கு உத்தரவிட்டது. ‘ஆர்கன்’ என்ற பெயரை மட்டும் கம்பெனி இழக்கவில்லை.

இன்று மென்பொருள் வாத்தியத்தையும் அசலையும் திரை மறைவில் வைத்து, ‘எது எது?’ என்று கேட்டுத் தர்க்கம் செய்கிறார்களே, அந்த விளையாட்டுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

* * *

போலியாகப் பிறந்தது எப்படி அசலாயிற்று? அங்கேதான் ரஸமான சங்கதி இருக்கிறது. குழாய் ஆர்கனைப் போல் ஒலித்த அம்சங்களால் ஹாம்மண்ட் புகழ் பெறவில்லை. அதைப் போல் ஒலிக்காத குறைகளால்தான் புகழ் பெற்றது.

கட்டையை அமுக்கினால் உள்ளே ஒன்பது மின் இணைப்புகள் சேருகின்றன. ஒன்பதும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. ஆகையால் ஸ்வரம் தொடங்கும்போது ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். என்ஜினியர்கள் இதைக் குற்றம் என்று கருதிக் குறைக்கப் பாடுபட்டார்கள். ஜாஸ் வித்துவான்களுக்கோ அதுவே மிருதங்கத்தில் விரல் படும் சொல்லைப் போல் இனித்தது. ஒரு சக்கரத்தின் நாதம் பக்கத்துக் கம்பியில் கசிந்து கலப்பதும் குற்றம்தான். அந்தக் கசிவுதான் நாதத்துக்குக் கனம் தருகிறது என்று வாசிப்பவர்கள் சொன்னார்கள்.

டொனால்டு லெஸ்லி என்று ஒருவர் 1940-ஐ ஒட்டி ஒரு விசித்திரமான ஒலிபெருக்கியைச் செய்தார். அதன் கொம்பு பெட்டிக்குள்ளேயே சுழலும். சுழலச் சுழல நாதம் அலையலையாக வரும். ஹாம்மண்ட் கம்பெனி இதை விரும்பவில்லை. கொள்வாரும் இல்லை என்று தள்ளிவிட்டது. ரஸிகர்களோ ஹாம்மண்டையும் லெஸ்லியையும் சதிபதிகளாக்கி விட்டார்கள். அமெரிக்க நீக்ரோ மக்களின் தேவாலயங்களில் அந்த ஜோடி இல்லாமல் பஜனை இல்லை என்றாயிற்று. 1956 முதல் ஜிம்மி ஸ்மித் என்னும் மேதை அதை ஜாஸ் மேடையில் ராஜ வாத்தியமாக்கினார்.

மினிமூக்கின் கதையும் இதற்கு இணையானதே. ராபர்ட் மூக் என்பவரின் கம்பெனி 1970-இல் நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு சிற்றூரில் அதைச் செய்தது. ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். மூன்று ஆஸிலேட்டர்கள் சேர்ந்து நாதத்தைத் தருகின்றன. அவை உஷ்ணம் ஏறினால் சுருதி விலகும். மூன்றும் மிகமிகச் சிறிய அளவில் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பதால்தான் நாதம் தடித்துச் செழிக்கிறது. பஜனை மடத்தில் நாற்பது பேர் கூடிப் பாடுவதற்கும் ஒருவரே பாடுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

ஆகவே, பாவனை செய்ய வருகிறவர்களின் வேலை விநோதமானது. முன்னோர் நீக்கப் பாடுபட்ட குற்றங்களை அவர்கள் அரும்பாடு பட்டுத் திரும்பவும் உண்டு பண்ண வேண்டியிருக்கிறது. ‘டக்’ எவ்வளவு, கசிவு எவ்வளவு, சுருதி விலகல் எவ்வளவு என்று அளந்து வைக்கிறார்கள். சங்கீத சரித்திரத்தில் இதைவிட நல்ல நகைச்சுவை நமக்குத் தென்படவில்லை.

* * *

இனி பெட்டிக்கும் மென்பொருளுக்கும் உள்ள வழக்கைப் பார்க்கலாம். முதலில் ஒரு திரையை விலக்கிவிட வேண்டும். பாவனைப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே கம்ப்யூட்டர்களே. ஸ்வீடன் தேசத்துக் கிளாவியா கம்பெனி 1995-இல் ‘நார்டு லீட்’ என்ற சிவப்புப் பெட்டியை வெளியிட்டது. பழைய சிந்தஸைசரின் மின் வட்டங்களை அது கணிதத்தால் பாவனை செய்தது. உள்ளே இருந்தது சில்லும் நிரலுமே. மறு வருஷம், 1996-இல், ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி ‘வி.எஸ்.டி.’ என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. 1999 முதல் அந்த ஏற்பாட்டின்படி வாத்தியங்களையே கம்ப்யூட்டருக்குள் குடியேற்றலாயிற்று. முன்னதும் நிரல், பின்னதும் நிரல். ஒன்றுக்குத் தகரச் சட்டை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. பழைய மின் வட்டத்தையே மீண்டும் கட்டும் பெட்டிகளும் உண்டு. மினிமூக்கையே மூக் கம்பெனி 2016-இல் திரும்பச் செய்தது. அது வேறு ஜாதி.

அப்படியானால் சண்டை வெறும் சட்டைச் சண்டைதானா? அவ்வாறு சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. மூன்று விஷயங்களில் உண்மையான வித்தியாசம் இருக்கிறது: கை, காலம், ஆயுள்.

முதலில் கை. ஹாம்மண்ட் ஆர்கனில் ‘டிராபார்’ என்னும் இழுகோல்கள் ஒன்பது ஒரு வரிசையாக இருக்கும். மூல நாதத்தோடு எந்தக் கிளை நாதம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைப் பூஜ்யம் முதல் 8 வரை இழுத்து வைக்கலாம். தேர்ந்த வித்துவான் வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் இவற்றை அளைந்துகொண்டிருப்பார். சமையற்காரர் கண் பாராமல் அஞ்சறைப் பெட்டியில் விரல் விடுவதைப் போல, கை போகும் இடத்தில் சாமான் இருக்கும். திரையில் வரைந்த கோலை எலியால் பிடித்து இழுத்தால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் அசையும். அதற்கும் கண் வேண்டும். இங்கே பெட்டி ஜெயித்துவிட்டது. ஆனால் முழு ஜெயம் அல்ல. இழுகோல்கள் வைத்த கட்டைப் பலகையை வாங்கிக் கம்ப்யூட்டருடன் இணைத்தால் மென்பொருளுக்கும் கை முளைத்துவிடும்.

இரண்டாவது காலம். கட்டையை அமுக்கியவுடன் நாதம் வர வேண்டும். கம்ப்யூட்டர் நாதத்தை விநாடிக்கு 44,100 புள்ளிகளாகக் கணக்கிடுகிறது; சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டைக்கு 256 புள்ளி என்று வைத்தால் ஒரு மூட்டைக்கு ஆகும் தாமதம் விநாடியில் ஆயிரத்தில் சுமார் 5.8 பங்கு. அந்த நேரத்தில் ஒலி காற்றில் இரண்டு மீட்டர் போகும். அதாவது, ஒலிபெருக்கியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். இதற்காகவா இத்தனை கூச்சல்? பெரிய தேவாலயத்தில் குழாய் 15 மீட்டருக்கு அப்பால் இருந்தால், ஒலி வாசிப்பவர் காதுக்கு வரவே 44 பங்கு ஆகிறது. அவர் அதற்குப் பழகிக்கொண்டு வாசிக்கிறார். தாமதத்தின் அளவைவிட, அது நிலையாக இருப்பதே முக்கியம். தாளம் போடும் மாமா சற்று மந்தமானால் சமாளிக்கலாம். ஒருமுறை மந்தம் ஒருமுறை துரிதம் என்றால் பாட்டு குடை சாய்ந்துவிடும். கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் நூறு காரியம் பார்க்கிறது. கச்சேரி நடுவே, ‘என்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறேன்’ என்று அது அறிவித்த விபரீதங்களும் உண்டு. பெட்டிக்கு ஒரே காரியம். மேடையில் அதை நம்பலாம்.

மூன்றாவது ஆயுள். வழக்கின் உயிர்நிலை இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

* * *

பழைய ஹாம்மண்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட்டு வந்தால் போதும். எழுபது வருஷத்துச் சக்கரங்கள் இன்னும் சுழல்கின்றன. பழுதானால் திருப்புளியும் பொறுமையும் உள்ளவர் திறந்து பார்க்கலாம். பாவனைப் பெட்டிக்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை. அதற்கென்று செய்த சில்லு போய்விட்டால், செய்தவர்களே மாற்றுச் சில்லு தந்தாலொழிய அது வெறும் பெட்டிதான். என்றாலும் சில்லு உயிரோடு இருக்கும் வரையில், யார் அநுமதியும் கேளாமல் அது பாடும்.

மென்பொருளின் கதி வேறு. ‘ரீபர்த்’ என்று ஒரு மென்பொருள் 1997-இல் ஸ்வீடனில் பிறந்தது. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் ‘டி.பி.-303’ முதலிய பழைய யந்திரங்களை அது பாவனை செய்தது. 2005-இல் அதன் விற்பனை நின்றது. பின்னர் இனாமாகக் கிடைத்து வந்தது. ஐபேடுக்கென்று ஒரு புது அவதாரமும் எடுத்தது. 2017-இல் ரோலண்ட் கம்பெனி உரிமைப் பிரச்னை எழுப்பவே, அந்த அவதாரமும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பாவனை செய்தது மறைந்தது. பாவனை செய்யப்பட்ட 1981-ஆம் வருஷத்து டி.பி.-303 பெட்டிகளோ இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன! 2019-இல் ஆப்பிள் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்கு ‘கேட்டலினா’ என்ற புது ஏற்பாட்டைக் கொணர்ந்தபோது, 32-பிட் என்னும் பழைய தினுசில் எழுதப்பட்ட நிரல்கள் அனைத்தும் அதில் ஊமையாயின. வாத்தியம் உடையவில்லை, திருடு போகவில்லை, வீடு மட்டும் தன் கதவின் அளவை மாற்றிக்கொண்டது.

நம்மிடம் படித்த பையன் ஒருவன், இப்பொழுது தேவாலயமொன்றில் ஆர்கன் வாசிக்கிறான், சமீபத்தில் இதே விஷயமாக யோசனை கேட்டு வந்தான். இரண்டு வருஷச் சேமிப்பு அவன் கையில் இருக்கிறது. ‘ஸார், பெட்டி வாங்கட்டுமா, மென்பொருள் வாங்கட்டுமா?’ என்று கேட்டான். பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட மென்பொருளுக்கு ஆகாது. அந்த வித்தியாசத்தில் தங்கையின் பள்ளிச் சம்பளம் அடங்கிவிடும். இம்மாதிரி வீடுகளில் இது சங்கீத சாஸ்திர விவாதமல்ல. குடும்ப வரவு செலவு.

அவனுக்கு நாம் சொன்னதை நேயர்களுக்கும் சொல்கிறோம். கற்றுக்கொள்வதற்கு மென்பொருள் போதும். போதும் என்பதோடு, நல்லது. ஒரே கட்டைப் பலகையைக் கொண்டு ஆர்கனும் பழகலாம், மினிமூக்கும் பழகலாம். அசல் பி-3 வாத்தியத்தைக் கண்ணால் காண வாய்ப்பில்லாத பிள்ளைகள் லட்சக் கணக்கில் அதன் இழுகோல் நுட்பத்தைக் கற்றிருக்கிறார்களென்றால், அது போலியின் புண்ணியமே. பலகை வாங்கும்போது மட்டும் இழுகோல்களும் நல்ல கட்டைகளும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பணத்தைக் கைக்குப் போட வேண்டும். வாரந்தோறும் பலர் முன்னிலையில் வாசித்துச் சம்பாதிக்கும் நிலை வந்தபின் பெட்டி வாங்கலாம். அன்றைக்கு அது வீண் செலவாகாது.

பையன் விடவில்லை. “மென்பொருள் ஒருநாள் ஊமையாகிவிட்டால்?” என்றான். அந்தக் கேள்விதான் நம்மையும் உறுத்திக்கொண்டிருந்தது.

* * *

கேள்விக்கு விடை மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இரும்புச் சக்கரத்தைப் பிரதி எடுக்க முடியாது. ஆனால் நிரலைப் பிரதி எடுக்கலாம். யமஹா கம்பெனி 1983-இல் வெளியிட்ட ‘டி.எக்ஸ்.-7’ என்னும் சிந்தஸைசரை, ‘டெக்ஸெட்’ என்ற மென்பொருள் பாவனை செய்கிறது. அதன் மூல நிரல் யாவரும் படிக்கும்படி திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஹாம்மண்டைப் பாவனை செய்யும் ‘செட்-பீ-ஃப்ரீ’ என்பதும் அத்தகையதே. செய்தவர் கடையை மூடினாலும், கம்ப்யூட்டர்கள் தம் கதவளவை மாற்றினாலும், விஷயம் தெரிந்த எவரும் அந்த நிரலைப் புதுக் கதவுக்கு ஏற்பத் தைத்துக்கொள்ளலாம். ஏட்டுச் சுவடியைச் செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் எழுதி வைத்த நம் முன்னோர் செய்த காரியம் இதுதான். சுவடி அழியும், பாடம் அழியாது. ஆனால், பிரதி எடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று பூட்டிவிட்டால் சுவடியோடு பாடமும் போகும்.

போட்டிக் கம்பெனிகள் நினைத்தால் நல்ல காரியம் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1983-இல் ஸீக்வென்ஷியல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சிந்தஸைசரையும் ரோலண்ட் கம்பெனியின் சிந்தஸைசரையும் ஒரு பொருட்காட்சியில் கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் பேசும்படி செய்து காட்டினார்கள். ‘மிடி’ என்ற அந்தப் பொது பாஷையை எவரும் தனிச் சொத்தாக்கிக்கொள்ளவில்லை. ஆகையினால்தான் 1983-ஆம் வருஷத்துப் பலகை ஒன்று இன்றைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாத்தியத்தை வாசிக்க முடிகிறது. அதை ஏற்படுத்திய டேவ் ஸ்மித், இக்குடாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-இல் கிராமி விருது அளித்துக் கௌரவித்தார்கள்.

‘இதெல்லாம் அயல்நாட்டு வாத்திய விவகாரம்; நமக்கென்ன?’ என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுக் கூடத்தைப் பாருங்கள். தம்பூரா மீட்ட ஆள் இல்லாதபோது சுருதிப் பெட்டி வந்தது. 1979-ஐ ஒட்டி, பெங்களூரில் புல்லாங்குழல் வித்துவானும் என்ஜினியருமான ராஜ் நாராயண் மின்சாரச் சுருதிப் பெட்டியைச் செய்தார். இன்று குழந்தைகள் தொலைபேசியில் மென்பொருள் சுருதி போட்டுக்கொண்டு ஸரளி வரிசை பாடுகின்றன. தம்பூரா, பெட்டி, மென்பொருள் என்ற மூன்று படிகளும் ஒரே வீட்டில் ஒரே ஆயுளுக்குள் நடந்துவிட்டன. பம்பாய்ச் சினிமாக் கோஷ்டிகளில் வாசித்த சரண்ஜித் சிங் என்பவரோ, 1982-இல் அந்த டி.பி.-303 பெட்டியையே எடுத்துவைத்துக்கொண்டு பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். கிட்டார் வித்துவான் தனியே சாதகம் செய்யத் துணையாகப் பாவனை செய்யும் பெட்டி அது. அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று உலகம் அதைப் பின்னர் ஒதுக்கிவிட்டது. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போகும் அதன் குணம் ராகத்துக்குப் பயன்படும் என்று கண்டவர் நம் தேசத்தவர். அன்று அந்த இசைத்தட்டைக் கவனித்தவர் குறைவு. 2010-இல் மறுபடியும் வெளிவந்தபோது உலகம் வியந்தது.

இனி நமது தீர்ப்பைச் சொல்லிவிடலாம். அசலைப் பார்த்து ஒலிக்கிறதா என்பது போலியை அளக்கும் கோல் அன்று. அந்தப் பரீக்ஷையில் ஹாம்மண்டும் முழுதாகத் தேறவில்லை, தேறாததனாலேயே வாழ்ந்தது. வாசிப்பவன் கையில் அது புதிதாக ஏதாவது பேசுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். விற்றவன் போன பிறகும் அது வாங்கியவன் வீட்டில் பேசுமா என்று அடுத்தபடி கேட்க வேண்டும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், தகரச் சட்டை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அது இலக்கணப் போலி. எழுத்து மாறினாலும் பொருள் கெடாது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வது கடைத்தெருப் போலி.

பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கித் தரும் பெற்றோர்கள், விலை, நாதம் இரண்டையும் விசாரித்தபின், “பத்து வருஷம் கழித்தும் இது பாடுமா? யாரைக் கேட்டுக்கொண்டு பாடும்?” என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டு வாங்குவார்களாக.